கட்டிய துணியோடு ஒரு முழுக்கு

வஸுமதி அம்மாளுக்கு மூளை ஓடவேண்டும் என்றால் கார் ஓடவேண்டும். வீட்டில் ஊஞ்சல் இருந்தது, ஏ.சி. வைத்த அறை இருந்தது; எதிலும் உட்கார்ந்து அவர் யோசித்ததில்லை. "கிருஷ்ணப்பா, வண்டியை எடு" என்பார். எங்கே என்று டிரைவர் கேட்கக்கூடாது. அலிபிரி வரை போய்த் திரும்பி, ரேணிகுண்டா ரோட்டில் ஒரு சுற்று சுற்றி, பெட்ரோல் முள் சாய்கிற நேரத்தில் பின்ஸீட்டிலிருந்து ஒரு 'ம்' வரும். அது வந்துவிட்டால் ஊரில் யாரோ மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு அருகே இரண்டு லாட்ஜ், சித்தூர் பக்கம் நாற்பது ஏக்கர் மாந்தோப்பு, மாங்காயைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் பங்கு. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. அறுபத்தோரு வயதில் பொழுது போகவேண்டுமே. மடத்து வெள்ளிக் குடம் எங்கே போனது, லாட்ஜ் போர்வைகள் எந்த வழியாக வெளியே நடக்கின்றன, ஒரு ஜாதகத்தைத் திருத்தியது யார் என்று போலீசுக்குப் போகமுடியாத விவகாரங்கள் எல்லாம் அந்த அம்மாளிடம் வந்து சேரும். கூலி வாங்கமாட்டார். அந்த 'ம்' தான் கூலி.

பதினோரு வருஷமாக ஸ்டியரிங் பிடித்த கிருஷ்ணப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பணக்காரர்கள் சிலர் சீட்டாடுவார்கள், இவர் இதை ஆடுகிறார், அவ்வளவுதான். தொண்ணூற்றேழாம் வருஷம் ஆனி மாதத்தில் ஆட்டத்துக்குள் அவனுடைய மகள் வந்து விழுந்தாள். அதற்குப் பிறகு வேடிக்கை இல்லை.

மகள் பெயர் தேன்மொழி. குடிபாலாவில் பிறந்து, சித்தூரில் இன்டர் படிப்பை முடித்து, திருப்பதி மாடவீதியில் ஜெயச்சந்திரன் என்பவருடைய எஸ்.டி.டி. பூத்தில் மூன்று வருஷமாக வேலை. அந்தத் தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் கோவில் கைங்கரியம் செய்யும் ஐயங்கார்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பஹ்ரைனிலும் இருந்தார்கள். பெற்றவர்கள் போனுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அதனால் தெருவுக்கே பூத் நம்பர்தான் நம்பர். வெளிநாட்டிலிருந்து சேதி வந்தால் தேன்மொழி சீட்டில் எழுதி, பாக்ஸ் மெஷினில் தாள் வந்தால் மடித்து, அந்தந்த வீட்டு வாசலில் தொங்கும் ஒயர்க்கூடையில் போட்டுவிட்டு வருவாள். உள்ளே போகிற வழக்கமில்லை. வராதே என்று யாரும் சொன்னதும் இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்த விஷயத்தை எதற்குச் சொல்லவேண்டும்?

அந்தத் தெருவில் சக்ரபாணி என்பவர் இருந்தார். கோவிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியைச் சேர்ந்தவர், வஸுமதி அம்மாளின் மாமன் மகன். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மகள் நீரஜாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை; பதினாறு நாள் லீவில் வந்து, தாலி கட்டி, விமானம் ஏறிவிட்டான். நீரஜா விசாவுக்குக் காத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சக்ரபாணியின் தம்பி வேங்கடவரதன் அங்கே மாரடைப்பில் போய்விட்டார். போனது கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு. செவ்வாய்க்கிழமை காலையிலேயே பூத்துக்கு பாக்ஸ் அனுப்பினேன், பத்து நாள் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தர் கூப்பிடவில்லை, கூடப்பிறந்தவன் சாவைவிடக் கல்யாணச் சாப்பாடு பெரிதா என்று தம்பி மனைவி கேட்டிருந்தாள்.

வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்தபோது கடிதம் வாசிக்கப்பட்டது. பங்காளி செத்தால் பத்து நாள் தீட்டு. தீட்டில் கல்யாணம் செய்யமுடியாது. மாப்பிள்ளை வீட்டார் திருவல்லிக்கேணியில் இருந்தார்கள். இரண்டாம் நாளே அவர்கள் காதுக்குப் போயிற்று. பாக்ஸ் வந்ததா, வந்தால் எங்கே போயிற்று?

தேன்மொழி கூடையில் போட்டதாகச் சொன்னாள். வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். ஒன்று அவள் பொய் சொல்கிறாள், இல்லை தொலைத்துவிட்டாள். தெரு முடிவு செய்ய அரைநாள்கூட ஆகவில்லை. சக்ரபாணி மட்டும் அவளைத் திட்டவில்லை. "குழந்தை மறந்துபோயிருப்பாள், விடுங்கோ" என்றாராம். அந்தப் பெருந்தன்மைதான் அவளை ஒழித்தது. அதுவரை சந்தேகமாக இருந்தது அதன்பின் உண்மையாகிவிட்டது.

ஜெயச்சந்திரன் அவளை நிறுத்திவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெங்களூரில் புதிதாகத் திறந்த ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு அவளை நேரில் வரச்சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி. முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து நடத்தை நல்லது, வேலை சுத்தம் என்று ஒரு கடிதம் கொண்டுவரவேண்டும். அந்தக் கடிதத்தை ஜெயச்சந்திரன் தரமாட்டேன் என்றார்.

"ஏம் சேஸ்தாம் கிருஷ்ணப்பா, என்ன பண்றது. வேலை சுத்தம்னு நான் எழுதினா இந்தத் தெருவில ஒருத்தன் என் பூத்துக்கு வரமாட்டான்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. கடை நடத்துகிற மனுஷர்.

வீட்டில் தேன்மொழி அழவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"கிளிப் போட்டு போட்டேன் நைனா. சமையக்காரரு சீட்டு ஒண்ணு இருந்திச்சி. அதோட சேத்து கிளிப் போட்டு போட்டேன்."

கிருஷ்ணப்பா புதன்கிழமை காலை வஸுமதி அம்மாள் முன்னால் போய் நின்றான். பதினோரு வருஷத்தில் அவன் எதுவும் கேட்டதில்லை. கேட்டதும் அந்த அம்மாளின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தான். இரக்கம் என்று சொல்லமுடியாது. பசித்தவனுக்கு இலை போட்டதைப் போன்ற வெளிச்சம். இருக்கட்டும், நம் காரியம் ஆனால் போதும் என்று நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கே அவர் வேலையைத் தொடங்கினார். முதலில் பூத்துக்குப் போய் பாக்ஸ் மெஷினையே கேட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பக்கம் வந்ததை மெஷின் அச்சடித்து வைத்திருந்தது. அடுத்து சமையல்காரரைப் பிடித்தார். நானூறு இலை போதாது, அறுநூறு வேண்டும் என்று அவர் திங்கள் ராத்திரி பூத்துக்குப் போன் செய்தது உண்மை. செவ்வாய் மாலை சித்தூரிலிருந்து அறுநூறு இலை வந்து இறங்கியதும் உண்மை.

காரில் ஏறி உட்கார்ந்ததும் வஸுமதி அம்மாள் சொன்னார்: "சீட்டு போய்ச் சேர்ந்திருக்கு. இல்லாட்டா அறுநூறு எப்படி வந்தது? சீட்டோட கிளிப்பில பாக்ஸும் இருந்தது. உன் பொண்ணு மேல தப்பில்லை, கிருஷ்ணப்பா. கூடையில கையை விட்டவா யாரோ, அவாகிட்டதான் தப்பு."

கிருஷ்ணப்பாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. ஆனால் இதை ஜெயச்சந்திரனிடம் சொன்னால் போதாது. தெருவுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காதவரை தேன்மொழிதான் ஆள்.

வியாழக்கிழமை வஸுமதி அம்மாள் துக்கம் விசாரிக்கிற சாக்கில் சக்ரபாணி வீட்டுக்குப் போய் இரண்டு மணிநேரம் இருந்தார். கிருஷ்ணப்பா வாசலில் காரைத் துடைத்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தவர் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்புறம் அந்த வீட்டு முன்கூடத்தைப் படமாகப் போட்டார். யார் எங்கே படுத்திருந்தார்கள், யார் முதலில் எழுந்தார்கள் என்று புள்ளி வைத்தார். பிறகு, "சித்தூர் ரோட்டில போ" என்றார்.

கார் சந்திரகிரி தாண்டியது. அதன்பின் அவர் பேசத் தொடங்கினார். அவனிடம் இல்லை, தனக்குத்தானே. அவன் இருப்பது அவருக்கு ஒரு வசதி. சுவரைப் பார்த்துப் பேசினால் பைத்தியம் என்பார்கள்.

நீரஜாவின் தாய்மாமன் ஸ்ரீகிருஷ்ணாதான் என்றார். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். நின்றுபோனால் மூக்கறுபடுவதும் அவர்தான். செவ்வாய் காலை கூடைக்குப் பக்கத்தில் படுத்திருந்ததும் அவர். அறுநூறு இலை என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டதற்கு, கல்யாண வீட்டில் யார் யாரோ சொல்வார்கள், ஞாபகமில்லை என்று மழுப்பினாராம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. ஐயங்கார் கல்யாணத்தில் பெண்ணை அப்பா மடியில் உட்காரவைத்துத்தான் தாலி கட்டவேண்டும். அன்றைக்கு சக்ரபாணி இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒதுங்கிவிட்டார். ஸ்ரீகிருஷ்ணா மடியில்தான் நீரஜா உட்கார்ந்தாள். பெண்ணைத் தாரைவார்த்ததும் அவர்தான்.

"தாய்மாமனுக்கு இந்தத் தீட்டு கிடையாது. அவனுக்கு சாவு தெரிஞ்சிருக்கு. கல்யாணமும் நடக்கணும், சாஸ்திரமும் கெடக்கூடாது. அத்திம்பேர் இடுப்பைக் காரணம் காட்டி நைசா தான் உட்கார்ந்துட்டான். கெட்டிக்காரன்தான்" என்றார்.

கிருஷ்ணப்பா தலையாட்டினான். யாராக இருந்தால் என்ன, திங்கட்கிழமைக்குள் ஒருவர் ஒப்புக்கொண்டால் சரி.

"சக்ரபாணிக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்லை" என்று அவர் தொடர்ந்தார். "அவன் ஆசாரத்தில மகா வெறியன். இப்போ கடிதாசைப் படிச்ச உடனே என்ன பண்ணினான்னு நினைக்கறே? கிணத்தடிக்கு ஓடி, கட்டின துணியோட தலைக்கு விட்டுண்டான். ஒரு கணம் நிக்கலை. பங்காளி சாவு காதில விழுந்தா அப்படித்தான் முழுகணும், வேஷ்டிகூட மாத்தக்கூடாது. அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே முழுகியிருப்பானே."

கிருஷ்ணப்பாவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் தெலுங்கில் அவன் தாயைத் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனான். கார் ஒரு புளியமரத்தடியில் நின்றது.

ஒரு மாதத்துக்கு மேலாக அவன் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் சொன்னவனுக்குத்தான் அசிங்கம் என்று சில விஷயங்கள் உண்டு. இது அந்த வகை.

"அம்மா, அந்த செவ்வாக்கெயம நாந்தான சக்ரபாணி சாமிய சித்தூருக்கு இட்டுக்கினு போனேன். எலைக்கும் வெல்லத்துக்கும்."

அது தனக்குத் தெரியும் என்றார் வஸுமதி அம்மாள். கல்யாணத்துக்குக் காரை இரவல் கொடுத்ததே அவர்தான்.

அவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இதே ரோட்டில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வண்டியை நிறுத்தினான். பின்ஸீட்டில் ஏதோ தாளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்த சக்ரபாணி கீழே இறங்கினார். இரண்டு அடி வைத்ததும் கால் மடங்கிச் சரிந்தார். விழுந்துவிடுவார் என்று கிருஷ்ணப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கினான். அவர் வெறித்துப் பார்த்தார். வண்டி கிளம்பிப் பத்து நிமிஷத்தில், வயலில் பம்ப்செட் ஓடுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய், வேட்டி, மேல்துண்டு, இடுப்பில் இருந்த மணிப்பர்ஸ் எதையும் எடுக்காமல் தொட்டிக்குள் இறங்கி முழுகினார். சொட்டச் சொட்ட வந்து, ஸீட்டில் பேப்பர் விரித்து உட்கார்ந்தார்.

"நா கையப் புடிச்சேனே, அதுக்குத்தான் முழுகிட்டாருன்னு நெனச்சிக்கினேம்மா" என்றான் கிருஷ்ணப்பா. "இத நா யார்கிட்ட இன்னான்னு சொல்றது."

அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பக்கம் சாய்ந்து ஒன்றே ஒன்று கேட்டார். முழுகி எழுந்தபோது பூணூல் எந்தத் தோளில் இருந்தது? கிருஷ்ணப்பா யோசித்தான். அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோபத்தில் பார்த்தவை மறப்பதில்லை. வழக்கமாக இடது தோளில் கிடப்பது வலது தோளில் கிடந்தது. தெற்கே பார்த்து நின்று கையால் மூன்று தடவை தண்ணீர் விட்டார்.

"செத்தவாளுக்கு விடறபோதுதான் அப்படி மாத்திப் போட்டுப்பா" என்றார் வஸுமதி அம்மாள். பிறகு அந்த 'ம்' வந்தது.

இடுப்பும் பொய் என்று கிருஷ்ணப்பா சேர்த்துச் சொன்னான். அன்று சித்தூர் மண்டியில் ஆள் கிடைக்காமல் வெல்ல மூட்டையின் ஒரு பக்கத்தை சக்ரபாணியே தூக்கி டிக்கியில் வைத்தார்.

எல்லாம் பொருந்திவிட்டது. தம்பி செத்த சேதியைக் காரிலேயே படித்திருக்கிறார். சாவு தெரிந்தவனுக்குத்தான் தீட்டு. தெரியாதவர்களுக்குக் கிடையாது. அதனால் தனக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு, தான் மட்டும் ஒதுங்கி நின்று கல்யாணத்தை நடத்திவிட்டார். பெண்ணை மடியில் வைக்கவில்லை. கோவிலுக்கும் அந்தப் பத்து நாள் இடுப்பைச் சொல்லியே போகவில்லை.

வஸுமதி அம்மாளின் முகம் இனிப்புத் தின்று முடித்தவர் முகம்போல் இருந்தது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்த இனிப்பு இறங்கிவிட்டது. ஸ்ரீகிருஷ்ணா என்றால் அவருக்கு யாரோ. சக்ரபாணி மாமன் மகன். இது வெளியே போனால் நீரஜாவை மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்வார்கள் என்பது வேறு இருக்கிறது. வீட்டுக்குத் திருப்பச் சொன்னார். இறங்கும்போது, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பார்க்கலாம் என்றால் என்ன என்று கிருஷ்ணப்பாவுக்குத் தெரியும். லாட்ஜ் கூலிக்காரர்கள் சம்பளம் உயர்த்திக் கேட்கும்போதும் அவர் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை காலை அவன் கார் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றான்.

"திங்கக்கெயம அம்மா" என்றான்.

அவர் சாவியைப் பார்த்தார். வேலையை விட்டுவிடுவேன் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் சாவி மேஜைமேல் இருந்தது. பிறகு அவர் அதை எடுத்து அவன் கையில் கொடுத்து, மாடவீதிக்குப் போய் சக்ரபாணியை அழைத்துவரச் சொன்னார்.

அலிபிரிக்குப் போகிற வழியில் மரநிழலில் கார் நின்றது. பின்ஸீட்டில் இரண்டு பேர். முன்னால் அவன். வஸுமதி அம்மாள் பம்ப்செட்டைப் பற்றிச் சொன்னதுமே சக்ரபாணி தலையைக் குனிந்துகொண்டார். மறுக்கவில்லை. பாதி எதிர்பார்த்தவரைப் போலத்தான் இருந்தார்.

"மாப்பிள்ளைக்கு லீவு பதினாறு நாள், அத்தங்கா" என்றார். அத்தை மகளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பத்து நாள் தீட்டுன்னா பிளேன் ஏறிடுவான். அடுத்த லீவு ரெண்டு வருஷம். நீரஜாவுக்கு இருபத்தெட்டு. அதுவரைக்கும் காத்துண்டிருப்பாளா அவா? வரதன் எனக்குத் தம்பி. அழக்கூட இல்லை நான். யாரையும் தொடலை, கோவில் படி மிதிக்கலை. பெத்த பொண்ணை மடியில வெச்சுக்கலை. ஒரு விதியைக்கூட மீறலை."

கிருஷ்ணப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மைதான். ஒன்றையும் மீறவில்லை. தேன்மொழி அந்த விதிகள் எதிலும் வரவில்லை, அவ்வளவுதான்.

சக்ரபாணி நான்கு மாதம் கேட்டார். நீரஜாவின் விசா முடிந்து அவள் போய்ச் சேர்ந்துவிடட்டும். அதன்பின் தானே தெருவில் நின்று சொல்கிறேன் என்றார். வஸுமதி அம்மாளுக்கு அது நியாயமாகப் பட்டது போலிருந்தது. தேன்மொழிக்குத் தன் லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை, பெங்களூரில் கொடுக்கிற அதே சம்பளம் என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவனிடம் அவர் கெஞ்சி அவன் கேட்டதில்லை.

கிருஷ்ணப்பா திரும்பி உட்கார்ந்தான். பதினோரு வருஷத்தில் பின்ஸீட்டை அவன் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறான்.

"லாட்ஜில வேல கேட்டு அவ வரலம்மா. இந்த ஊர்ல மூஞ்ச காட்ட முடியலன்னுதான் போறா. நாலு மாசம் எம் பொண்ணு பொய்க்காரியா இருக்கணும், அப்பால நல்லவளா ஆயிடணும். முடியாது சாமி. நாளைக்கி பூத்துல வந்து சொல்லணும்."

சக்ரபாணி வெளியே பார்த்தார். மலைக்குப் போகிற பஸ் ஒன்று முக்கிக்கொண்டு ஏறியது. பிறகு சரி என்பதுபோல் கையை அசைத்தார்.

கிருஷ்ணப்பா விடவில்லை. அவனுக்கு இன்னொன்று கேட்கவேண்டியிருந்தது. தேன்மொழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"அப்போ நா கையப் புடிச்சதுக்காவ நீங்க முழுகல."

சக்ரபாணி அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கு அதுக்கில்லை, கிருஷ்ணப்பா."

அன்னிக்கு என்பதைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். ஒரு மாதமாக ஊருக்கே பொய் சொல்லத் தெரிந்த மனுஷர். இந்த ஒரு இடத்தில் அவருக்குப் பொய் வரவில்லை. கிருஷ்ணப்பா வண்டியைக் கிளப்பினான்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு சக்ரபாணி பூத்துக்கு வந்தார். வெளியே நான்கைந்து பேர் வரிசையில் நின்றார்கள், எல்லாரும் தெருக்காரர்கள். காதோடு காதாக ஜெயச்சந்திரனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வரிசையில் இருந்தவர்கள் கேட்கும்படி, பாக்ஸ் கூடையில் இருந்தது, எடுத்தது நான், மறைத்ததும் நான், அந்தப் பெண்மேல் தவறில்லை என்றார். தமிழில் ஒருமுறை, ஜெயச்சந்திரனுக்காகத் தெலுங்கில் ஒருமுறை. தன் கைப்பட எழுதியும் கொடுத்தார். கிருஷ்ணப்பாவோடு வந்திருந்த தேன்மொழி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவளைப் பார்த்து மன்னித்துக்கொள் என்று அவர் சொல்வார் என்று கிருஷ்ணப்பா எதிர்பார்த்தான். அவர் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. அவள் பார்வை ஜெயச்சந்திரன் லெட்டர்பேடை எடுக்கிறாரா என்பதில்தான் இருந்தது.

எடுத்தார். நான்கு வரி எழுதி, முத்திரை குத்தி, உறையில் போட்டுக் கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் திருவல்லிக்கேணிக்குப் போன் போய்விட்டது. வரிசையில் நின்றவர்களில் ஒருவருக்கே அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கும். வஸுமதி அம்மாளும் போன் செய்தார். ஒரு மணிநேரம் வாதாடினார். தெரிந்தவனுக்கு மட்டுமே தீட்டு, தெரிந்தவன் ஒதுங்கி நின்றான், தாரைவார்த்தது தீட்டில்லாத தாய்மாமன், கல்யாணம் சுத்தம் என்று நிறுவினார். மாப்பிள்ளை வீட்டுப் புரோகிதர் அதை ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணம் சுத்தமாகவே இருக்கட்டும், கூடப்பிறந்தவன் பிணம் அங்கே கிடக்க இங்கே பந்தி விசாரித்த மனுஷன் பெண்ணை எதை நம்பிக் குடித்தனம் வைப்பது என்று கேட்டாள். அதற்கு சாஸ்திரத்தில் பதில் இல்லை. விசா காகிதங்களில் மாப்பிள்ளை அனுப்பவேண்டியவை வரவில்லை.

ஞாயிறு மாலை தேன்மொழி பெங்களூர் பஸ் ஏறினாள். பெட்டியில் இரண்டு சுடிதார், சான்றிதழ்கள், அவற்றுக்குமேல் அந்த உறை. கிருஷ்ணப்பா ஜன்னலருகே நின்று அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னான். யாரிடமும் சாப்பாடு வாங்கித் துன்னாதே என்பது உட்பட. பஸ் ஸ்டாண்டிலிருந்து மாடவீதி வழியாகத் திரும்பினான். பூத்தில் நீரஜா இருந்தாள். தேன்மொழி இருந்த இடத்தில் வேறு ஒரு பெண். நீரஜா ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள், பேசவில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. கழுத்தில் புதுத் தாலிச்சரடின் மஞ்சள் இன்னும் போகவில்லை. அப்பா மறைத்தது அவளுக்கும் அன்று தெரியாது. தேன்மொழிக்கும் தெரியாமல்தான் இருந்தது. கிருஷ்ணப்பா அங்கே நிற்காமல் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை தேன்மொழி வஸுமதி அம்மாள் வீட்டு நம்பருக்குப் போன் செய்து நைனாவைக் கூப்பிடச் சொன்னாள். வேலை கிடைத்துவிட்டது, வரும் ஒன்றாம் தேதி சேரவேண்டும். கன்னடம் தெரியுமா என்று கேட்டார்கள், தெலுங்கு தெரியும் என்றாள். ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார்கள். குரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"லெட்டரு?" என்று கேட்டான் கிருஷ்ணப்பா.

"அத யாரும் கேக்கல நைனா. நானே எடுத்துக் குடுத்தேன். வேணாம்மா, நீயே வெச்சிக்கோன்னுட்டாங்க. ஒறைகூட பிரிக்கல."

கிருஷ்ணப்பா சரி என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டதாகச் சொன்னாள். போனை வைத்தபிறகும் அவன் கை அதன்மேலேயே இருந்தது. லெட்டர் இல்லாமலே அவள் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் நீரஜாவுக்கு மாப்பிள்ளை போனை எடுத்திருப்பான். தேன்மொழி இந்தத் தெருவில் எப்போதும் பாக்ஸைத் தொலைத்தவளாக இருந்திருப்பாள். இரண்டையும் அவன் எடைபோட்டுப் பார்த்தான். மறுபடி அதே வெள்ளிக்கிழமை வந்தாலும் சாவியை மேஜைமேல்தான் வைப்பான் என்று தெரிந்தது. அது தெரிந்ததில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

வஸுமதி அம்மாள் கதவருகே நின்றிருந்தார். இந்த நான்கு நாளில் அவர் வண்டியை எடுக்கச் சொல்லவே இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வேலை கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றான்.

"கடிதாசு உதவித்தா?"

அவர் கேட்ட விதத்தில் இருந்தே புரிந்தது. அவருக்கு ஆம் என்ற ஒரு சொல் வேண்டும். அது இல்லாவிட்டால் நீரஜாவின் முகத்தை அவரால் பார்க்க முடியாது.

"ஒதவிச்சும்மா" என்றான் கிருஷ்ணப்பா. "அத பாத்துட்டுத்தான் குடுத்தாங்களாம்."